வெங்காயக் கூடையில் பூக்கிழங்கு!

"ஏம்மா, இந்தப் பெரிய வெங்காயத்தைச் சாம்பாருக்கு நறுக்கட்டுமா?" என்று மாமியார் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் கையில் இருந்தது, என் மகள் ஆசைப்பட்டுத் தபாலில் வரவழைத்த டாஃபோடில் பூக்கிழங்கு! தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வேகவைத்தாலும் விஷம் போகாது. நல்லவேளை, பிழைத்தோம்.

நட்ட கிழங்கு பூத்ததா என்கிறீர்களா? இலைதான் வந்தது. குளிர்தேசத்துச் செடி அது. 12 வாரமாவது நல்ல குளிரில் கிடந்தால்தான் பூக்கும். எங்கள் எம். புதுப்பட்டியில் மார்கழியில்கூட அவ்வளவு குளிர் ஏது?

"கிழங்கில் மணக்கிற பூ வேணும்னா நம்ம சம்பங்கி இருக்கே!" என்றார்கள் மாமியார். நிலச்சம்பங்கியின் பூர்வீகம் மெக்சிகோ. நம் வெயில் அதற்கு ஒத்துக்கொள்ளும். அடுக்குப் பூவைவிட ஒற்றைப் பூவுக்கே வாசனை அதிகம். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'பிரஜ்வால்' ஒற்றை ரகம்தான்.

முதல் வருஷம் ஆசையில் தினம் இரண்டு வேளை தண்ணீர் விட்டேன். கரிசல் மண்ணில் ஈரம் தேங்கி, கிழங்கெல்லாம் அழுகிவிட்டது. அப்புறம்தான் பக்குவம் புரிந்தது.

தோண்டிய கிழங்கை ஒரு மாதம் நிழலில் உலர்த்துங்கள். 25 முதல் 30 கிராம் எடையுள்ளதாகப் பொறுக்கி, ஆனி, ஆடியில் நடலாம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. ஒரு அங்குல ஆழம் போதும். அகலமான தொட்டிக்கு மூன்று கிழங்கு. அடியில் ஓட்டை அவசியம். விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். அரிசி கழுவிய நீரே எனக்குப் போதுமாக இருக்கிறது. பக்கத்தில் செண்டுமல்லி வைத்தால் வேரைத் தாக்கும் நூற்புழு குறையும்.

மூன்று, நான்கு மாதத்தில் பூத்தண்டு வந்துவிடும். தீபாவளிக்குப் பூ விலை ஏறுகிற சமயம், நம் வீட்டுச் சாமி படத்துக்கு நம் பூ! சாயங்காலம் வாசலெல்லாம் மணக்கும். மூன்று வருஷம் வரை அதே கிழங்கு பூக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், சகோதரிகளே. எந்தப் பூக்கிழங்கையும் சமையலறையில் வைக்காதீர்கள். செங்காந்தள் கிழங்கு உயிருக்கே ஆபத்து. பையில் போட்டு, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாமல் மாட்டுங்கள். தப்பித்தவறி யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம். மிச்சக் கிழங்கோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.