கூலியை எடுத்தான், ஆளை விட்டான்!

ஆங்கில அகராதியிலே ஒரு சொல் உண்டு, தோழர்களே. ‘கூலி’ என்பது அது. பொருள் தேடினால், ஆசிய நாட்டு மூட்டை தூக்கி, எடுபிடி ஆள் என்று போட்டிருக்கும்.

அம்பாசமுத்திரத்து வயல் வரப்பிலே கேட்டுப் பாருங்கள். கூலி என்பது ஆள் அல்ல. ஆள் உழைத்து வாங்கும் ஊதியம்! கூலி வேறு, கூலியாள் வேறு. ‘ஆள்வினையுடைமை’ பாடிய வள்ளுவர், முயற்சி தரும் பயனையே கூலி என்றார். அத்தனை மதிப்புள்ள சொல் அது.

அது ஆங்கிலத்தில் புகுந்தது எப்படி? தமிழ்க் கூலிதான் மூலம் என்பார் சிலர். குஜராத்தின் ‘கோலி’ என்ற இனப்பெயர் என்பார் வேறு சிலர். 1886-ல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதி இரண்டையும் குறித்திருக்கிறது. மூலம் எதுவாயினும் விளைவு ஒன்றே. கூலியாள் என்ற சொல்லிலிருந்து ‘ஆள்’ காணாமற் போனான். கொடுக்கும் காசின் பெயரே மனிதனின் பெயராயிற்று!

அதோடு நின்றதா? 1860-ல் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிச் சென்றது. கரும்புக் காட்டிலே பாடுபட்டவன் ‘கூலி’. பின்னால் போன வணிகனும் ‘கூலி’. 1893-ல் அங்கே போன காந்தியாருக்குக் கிடைத்த பட்டம் ‘கூலி பாரிஸ்டர்’! ஊதியத்தைக் குறித்த சொல் தொழிலைக் குறித்தது. தொழிலைக் குறித்தது நிறத்தைக் குறித்தது. தென்னாப்பிரிக்காவில் இன்று அது வெறும் வசைச்சொல்.

அந்தச் சொல்லுக்கு நெல்லைச் சீமை பதில் சொல்லியிருக்கிறது. அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த தூத்துக்குடியில், 1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். கூலி உயர்ந்தது. ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது. தங்களை ஆள் என்று எண்ண வைத்தார்கள், கூலியையும் வாங்கினார்கள்.

ஆனால் தாமிரபரணி வேறொரு நாளையும் கண்டது. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காக, கூலி உயர்வு கேட்டும், சிறைப்பட்டோரை விடுவிக்கக் கேட்டும், நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் வந்தது. காவல்துறை தடியடி நடத்தியது. ஆற்றிலே இறங்கியவர்களில் 17 பேர் மாண்டனர். அவர்களில் பெண்களும் உண்டு, கைக்குழந்தையும் உண்டு. கேட்டது கூலி, போனது ஆள்!

2016 ரயில்வே பட்ஜெட்டில் நிலையத்துச் சுமை தூக்குவோரை இனி ‘சகாயக்’ என்று அழைப்போம் என்றார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் மாதச் சம்பளம் தந்தார்களா? இல்லை. சுமைக்கு இவ்வளவு என்ற பழைய கணக்குத்தான். பெயரை உயர்த்துவதற்குப் பணம் செலவில்லை அல்லவா?

நம்மிடமும் குறை உண்டு, தோழர்களே. ‘நாலு கூலியைக் கூப்பிடு’ என்று நம் வாயும் சொல்கிறது. வெள்ளைக்காரன் திருப்பித் தந்த பொருளை நாமே சுமக்கலாமா? ஆளைத் தொழிலாளி என்போம். கூலி என்ற சொல்லை அதற்குரிய இடத்திலே, கோரிக்கை மனுவின் முதல் வரியிலே எழுதுவோம்!