தூரத்துப் பறவைக்கு ஒரு சிவப்புப் புள்ளி

கோடியக்கரைச் சதுப்பின் மேல் பறக்கும் ஆலாவை 600 மி.மீ. லென்ஸில் பிடிக்க முயல்பவருக்கு முதல் சிக்கல், பறவை எங்கே என்பதுதான். வெறுங்கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்தது, கேமராவைக் கண்ணில் வைத்ததும் காணாமல் போகிறது. முழு ஃபிரேம் கேமராவில் அந்த லென்ஸ் காட்டும் அகலம் ஏறக்குறைய மூன்றரை டிகிரி. கையை நீட்டி இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் மறைகிற அளவு வானம், அவ்வளவே. 50 மீட்டர் தூரத்தில் அது 3 மீட்டர் அகலம். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் குறுக்கே போகும் பறவை அதை 0.2 விநாடியில் கடந்துவிடும். பெரிய லென்ஸ் வாங்கினால் நல்ல படம் வரும் என்று நம்புபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. லென்ஸ் நீள நீள, தேடும் இடம் சுருங்குகிறது.

இதற்கு எளிய மருந்து, ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் பொருத்தும் டாட் சைட். வளைந்த சிறு கண்ணாடி ஒன்று, அதை நோக்கி ஒளிரும் எல்.இ.டி. ஒன்று. அந்த ஒளியைக் கண்ணாடி இணைகதிர்களாக்கிக் கண்ணுக்குத் திருப்புவதால், சிவப்புப் புள்ளி வெகு தொலைவில், பறவையின் மேலேயே நிற்பதாகத் தெரியும். தலை சற்று அசைந்தாலும் குறி மாறாது. இரண்டு கண்ணும் திறந்தே இருப்பதால் பறவை எந்தப் பக்கம் திரும்புகிறது, பின்னால் எது வருகிறது என்பதும் பார்வையில் இருக்கும். டப்ளினில் தொலைநோக்கி செய்துவந்த ஹோவர்ட் க்ரப் 1900-இல் காப்புரிமை பெற்ற தத்துவம் இது. துப்பாக்கிகளும் போர் விமானங்களும் அதை எடுத்துக்கொண்டன; வானியல் ஆர்வலர்கள் நட்சத்திரம் தேட இன்றும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒலிம்பஸ் நிறுவனம் 2014-இல் ஒரு கேமராவுக்குள்ளேயே இதை வைத்தது. அடுத்த ஆண்டு ஈஈ-1 என்ற பெயரில் தனியாகவும் விற்றது.

பழகினால் தானே வரும், கருவி எதற்கு என்று தேர்ந்தவர்கள் கேட்பார்கள். பழக்கம் பெரிய பலம்தான். ஆனால் ஆண்டுக்கு நாலு முறை காட்டுக்குப் போகிறவருக்கு அந்தப் பழக்கம் எப்போது வரும்? இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பறவையின் கண்ணையே தேடிப் பிடிக்கின்றனவே என்பது இன்னொரு கேள்வி. ஃபிரேமுக்குள் வந்த கண்ணைத்தான் அவை பிடிக்கும். பறவை வெளியே இருந்தால் ஃபோகஸ் பின்னாலுள்ள மரத்துக்கு ஓடிவிடும். ஜூம் லென்ஸை அகலமாக வைத்துத் தேடி, பிறகு நெருக்கலாம் என்பது கிளையில் அமர்ந்த பறவைக்குச் சரி. பாய்கிற பறவை அதற்கு நேரம் தராது.

குறைகளும் உண்டு. படத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதைப் புள்ளி காட்டாது. அமர்ந்த விலங்குக்கு வியூஃபைண்டரே மேல். சைட் லென்ஸுக்கு மேலே இருப்பதால் தூரத்துக்குத் தூரம் குறி சற்று மாறும். 10 செ.மீ. உயரத்தில் மாட்டி 50 மீட்டருக்குச் சரிசெய்தால், 100 மீட்டரில் வரும் பிழை 4 மீட்டர் உயர ஃபிரேமில் வெறும் 10 செ.மீ.; 10 மீட்டரிலோ 40 செ.மீ. உயரத்தில் 8 செ.மீ. போய்விடும். ஆக, தூரத்தில்தான் இந்தக் கருவி உண்மையாக உழைக்கிறது.

இதை ஆதரிக்க என் முதன்மைக் காரணமும் அதுவே. பறவையைக் கண்டுபிடிக்க முடியாதவர் இன்னும் பத்தடி முன்னே போகிறார். கூடு கட்டும் காலத்தில் அந்தப் பத்தடிக்கு அஞ்சித் தாய்ப்பறவை எழுந்தால் முட்டை வெயிலில் கிடக்கும், காக்கைக்கும் இரையாகும். துப்பாக்கிப் பாகத்தைக் காட்டுக்குள் கொண்டுபோவதா என்று தயங்குபவர்களுக்குச் சொல்வேன்: இது லேசர் இல்லை, பறவையை நோக்கி எந்தக் கதிரும் பாய்வதில்லை. கிளம்பும் முன் தூரத்துச் செல்போன் கோபுரம் ஒன்றை வியூஃபைண்டரின் நடுவில் நிறுத்தி, புள்ளியை அதன்மேல் திருகிப் பொருத்துங்கள். பிறகு, நிற்கிற இடத்திலிருந்தே எடுங்கள்.