வெறுமையாகத் தெரிந்த பென்ட்ரைவ்

"பிள்ளை, இதுக்குள்ள ஒண்டும் இல்லையாம். போர்மட் பண்ணட்டோ எண்டு கடைப் பெடியன் கேட்டவன். நான் வேண்டாம் எண்டு வாங்கிக்கொண்டு வந்திட்டன்."

அந்த அம்மா சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, ஒரு பென்ட்ரைவை என் மேசையில் வைத்தார். 2019 ஆம் ஆண்டு தை மாதம், கிளிநொச்சியில் நடந்தது இது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் பதிந்த துண்டு எல்லாம் அதற்குள்தான் இருந்தன. கடதாசிகள் 2018 டிசம்பர் வெள்ளத்தில் ஊறிப் போய்விட்டன. காணாமல் போனோர் அலுவலகத்துக்குக் கொடுக்கவென்று படத்தைப் பிரின்ற் எடுக்கப் போன இடத்தில்தான் "வெறுமை" என்ற பதில் கிடைத்தது.

நான் படித்தது சமூகவியல். கணனி எனக்குத் தட்டெழுதுவதற்கு மட்டுமே. ஆனால் பென்ட்ரைவ்களில் பரவும் ஒரு வைரஸ் எங்கள் அலுவலகத்தையும் ஒருமுறை ஆட்டிவைத்தது. அன்று சக ஊழியர் ஒருவர் எழுதித் தந்த தாள் இலாச்சிக்குள் கிடந்தது.

முதலில் பென்ட்ரைவின் படத்தின் மேல் வலது பக்கம் அழுத்தி, எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்தேன். திறந்தால் சிறு அம்புக்குறி போட்ட ஒரேயொரு குறுக்குவழிப் படம்தான் தெரிந்தது. ஆனால் இடமோ நிறைய நிரம்பியிருந்தது. வெறுமை என்றால் இடம் எப்படி நிரம்பும்? கோப்புகள் உள்ளேதான் இருந்தன. "காட்டாதே", "இது கணனியின் சொந்தக் கோப்பு" என்ற இரண்டு அடையாளங்களை வைரஸ் அவற்றின் மேல் ஒட்டிவிட்டிருந்தது. அந்த அம்புக்குறிப் படத்தைத் திறந்தால் வைரஸ் கணனிக்கும் தாவும். அதைத் தொடவே கூடாது.

இந்த அடையாளங்களைக் கழற்ற விண்டோஸ் கணனிக்குள்ளேயே ஒரு வசதி உண்டு. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, சீ, எம், டீ என்று தட்டினால் கறுப்புப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் படங்கள் இல்லை, எழுத்தால்தான் பேசவேண்டும். முதலில் பென்ட்ரைவுக்குரிய எழுத்தும் முக்காற்புள்ளியும். அன்று அது ஈ. பிறகு டீ, ஐ, ஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு, ஏ. மறைந்தவையும் சேர்ந்த முழுப் பட்டியல் ஓடியது. அதில் மகனின் பெயரில் ஒரு கோப்புறை. அம்மாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தப் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்தது அட்ரிப் என்ற கட்டளை: ஏ, ரீ, ரீ, ஆர், ஐ, பீ. அதன் பின் கழித்தல் எச், கழித்தல் ஆர், கழித்தல் எஸ், சாய்கோடு எஸ், சாய்கோடு டீ, கடைசியாக நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம். ஒவ்வொன்றுக்கும் முன் ஓர் இடைவெளி. (முதல் தடவை அவசரத்தில் எச் மட்டும் போட்டேன். கணனி மறுத்துவிட்டது. எஸ்ஸையும் சேர்த்துக் கழற்றினால்தான் அது விடும்.) சற்று நேரத்தில் கோப்புறை வந்தது. படமும் இருந்தது.

போர்மட் பண்ணியிருந்தால்? வழமையான விரைவு முறையில் பட்டியல்தான் அழியும், உள்ளடக்கம் உடனே போய்விடாது. ஆனால் அதன் மேல் புதிதாக எதையும் பதிந்தால் பழையது திரும்பாது. ஆகவே எதையாவது தவறுதலாக அழித்துவிட்டால், அந்த பென்ட்ரைவில் வேறொன்றும் பதியாமல் விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். பென்ட்ரைவில் அழித்தது பொதுவாகக் குப்பைக்கூடைக்குப் போவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கறுப்புப் பெட்டியும் அப்படித்தான். அதில் டீ, ஈ, எல் என்று தட்டி அழித்தது கூடைக்குப் போகாது. தெரியாத கட்டளையைத் தட்டிப் பார்க்கும் இடம் அதுவல்ல.

கடைக்காரப் பையனை நான் குறைசொல்லவில்லை. திரையில் தெரிந்ததைத்தான் அவன் சொன்னான். எனக்குக் கவலை வேறொன்றில். எங்கள் ஆவணங்களைக் கொடுத்துவிட்டு வெளியே வாங்கில் காத்திருக்கிறோம். பக்கத்தில் நின்று பாருங்கள். அவர்கள் கணனியில் பிரதி எடுத்திருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். முறைப்பாட்டில் உங்கள் முகவரி இருக்கிறது, சாட்சிகளின் பெயர்கள் இருக்கின்றன.

அன்றைக்கே இன்னொரு பென்ட்ரைவிலும் பிரதி எடுத்து, வேறு வீட்டில் இருக்கும் மூத்த மகளிடம் வைக்கச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பவர்கள் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் படம் சுருங்கித் தெளிவு குறையும்.

படத்தில் இரண்டு பிரின்ற் எடுத்தோம், ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று வீட்டுக்கு. புறப்படும்போது, "அந்தத் தாளையும் எழுதித் தா பிள்ளை, மகள் படிச்சவள்" என்றார். எழுதிக் கொடுத்தேன். ஈ என்ற எழுத்தைச் சுற்றி மட்டும் வட்டம் போட்டேன். கணனிக்குக் கணனி அது மாறும்.