வெயிலில் பளிச்சென்று விழும் பிள்ளைகள்

குறுவட்டப் போட்டிகள் தொடங்கிவிட்டால் பள்ளி மைதானத்தின் எல்லைக்கோட்டை ஒட்டி வரிசையாகக் கைபேசிகள் உயர்கின்றன. உச்சி வெயிலில் கேமரா ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் காட்சியைப் பிடித்துவிடும். பந்தோடு ஓடுகிற சிறுமிகூடப் படத்தில் கலங்காமல் விழுவாள். கைபேசியின் சின்ன சென்சாருக்கு அருகில் இருப்பதும் தெளிவு, தூரத்தில் நிற்பதும் தெளிவு. முகம், சட்டை எண், மார்பில் பள்ளியின் பெயர், பின்னால் நிற்கும் வேனின் பதிவு எண், வியர்வையில் உடம்போடு ஒட்டிய வெள்ளைச் சட்டை எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்க்கலாம். இந்தப் படத்தைப் பொதுப் பக்கத்தில் போட்டு, பிள்ளையின் முழுப் பெயரையும் பயிற்சி நடக்கும் இடத்தையும் நேரத்தையும் கீழே எழுதுகிறார்கள். படம் எடுத்ததில் தவறில்லை. யாரென்று தெரியாத ஆயிரம் பேருக்கு ஒரு குழந்தையின் முகவரியை எழுதிக் கொடுத்ததுதான் தவறு.

‘பொது மைதானத்தில் எடுத்ததுதானே, யார் கேட்பது?’ என்பார்கள். பெற்றோர் தம் சொந்தத் தேவைக்கு எடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொந்த, குடும்பப் பயன்பாட்டுக்கு விலக்கு தருகிறது. பயிற்சி மையமோ பள்ளியோ விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்த விலக்கில் வராது. பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது அதே சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. அதுவரை காத்திருக்காமல், சேர்க்கைப் படிவத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ‘படங்களைப் பயன்படுத்தச் சம்மதம்’ என்ற வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ‘படம் வெளியே வராவிட்டால் திறமை எப்படித் தெரியும்?’ என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. தேர்வாளருக்கு வேண்டியது ஆட்டத்தின் காணொளி. அதைப் பயிற்சியாளர் மூலம் நேரடியாக அனுப்பலாம். பொதுவில் போட்டே தீரவேண்டும் என்றால் ஆட்டம் முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, பெயரும் இடமும் இல்லாமல் போடுங்கள்.

இப்படிப் பொதுவில் போட்ட படத்தை எடுத்து யாரோ ஆபாசமாக மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்ததும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இரண்டு. ஒன்று, பிள்ளையைத் திட்டிவிட்டுக் கணக்கையே அழிப்பது. ஆதாரமும் சேர்ந்து போகிறது. இன்னொன்று, ‘பாருங்கள் இந்த அநியாயத்தை’ என்று அந்தப் படத்தையே உறவினர் குழுவில் போடுவது. குழந்தையின் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை. நல்ல எண்ணத்தில்கூட அனுப்பாதீர்கள். பதிவின் இணைப்பு, கணக்கின் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் செயலியின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்புங்கள். மார்ஃபிங் செய்த படத்தை நீக்க நிறுவனம் 2 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் முடிவு சரியில்லை என்றால் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாளுக்குள் இணையவழியில் முறையிடலாம்.

அதோடு நிற்காமல் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் பதிவு செய்யுங்கள். பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனால் புகார் என்ன ஆனது என்று பின்தொடர முடியாது. முடிந்தால் கைபேசி எண்ணோடு கொடுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் அழையுங்கள். காவல் நிலையத்தில் ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்ற பழைய பாட்டு வரும். எந்த எல்லையில் நடந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வரும் குற்றத்தைப் பதிய மறுக்கும் காவலர்மேலேயே வழக்குப் போடலாம் என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். பிள்ளையை நிலையத்துக்கு அழைத்துப்போக வேண்டியதில்லை. சீருடை இல்லாத அதிகாரி வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். புகாரைப் பதியவே மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் 173-ஆம் பிரிவிலேயே வழி இருக்கிறது. புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் திணித்து அனுப்பப் பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆர். நகலைக் காசில்லாமல் பெறுவது உங்கள் உரிமை. அதை வாங்காமல் திரும்பாதீர்கள்.