மனச்சோர்வு சோம்பல் அல்ல

பினாங்கு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையின் நாணய மாற்றுக் கடைகளுக்குச் சுற்றுப்பயணிகள்தான் பெரிய பலம். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நாட்டின் எல்லைகள் 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான் முழுமையாகத் திறந்தன. அங்கே கடை வைத்திருந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். இந்த இரண்டு ஆண்டுகளில் அவர் என்ன செய்தாலும் வியாபாரம் நடக்கப் போவதில்லை.

எல்லை திறந்த பிறகும் அவர் எழுந்து வரவில்லை என்றால்? தூக்கமில்லை, பேச்சு குறைந்துவிட்டது. வீட்டார் 'சோம்பல்' என்பார்கள். 'இறைநம்பிக்கை குறைந்துவிட்டது' என்பாரும் உண்டு. இரண்டும் சரியான விளக்கமல்ல.

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன், 1967இல் ஸ்டீவன் மாயருடன் ஒரு சோதனை நடத்தினார். எப்படியும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பல, பின்னர் தப்பிக்க வழி இருந்தும் அசையாமல் படுத்துவிட்டன. 'இனி எதுவும் பலிக்காது' என்று அவை கற்றுக்கொண்டதாக இருவரும் கருதினர்.

2016இல் மூளை ஆய்வுகளைக் கொண்டு அவர்களே இந்த விளக்கத்தைத் திருத்தினர். நீண்ட துன்பத்தில் முடங்குவது மூளையின் இயல்பு. 'என்னால் மாற்ற முடியும்' என்பதே கற்றுக்கொள்ளப்படுகிறது. ஆகவே, முடங்கியவரைத் திட்டுவதில் பயனில்லை. தன் கையால் ஏதோ ஒன்று நடக்கும் என்று அவர் மீண்டும் உணர வேண்டும்.

1998இல் செலிக்மன் முன்வைத்த நேர்மறை உளவியல் இங்கேதான் உதவுகிறது. தினமும் இரவில் அன்று நடந்த மூன்று நல்ல காரியங்களை, அவை ஏன் நடந்தன என்ற காரணத்தோடு எழுதுவது அதன் ஒரு பயிற்சி. ஒரு வாரம் இப்படி எழுதியவர்களிடம் சோர்வின் அறிகுறிகள் ஆறு மாதம்வரை குறைந்திருந்ததாக 2005இல் வெளியான ஆய்வு கூறியது. 'பழைய வாடிக்கையாளருக்குப் போன் செய்தேன், பேசினார்' என்று எழுதும்போது, அது தன் முயற்சியால் நடந்தது என்பது அவருக்கே தெரியவருகிறது.

ஆனால் இது மருந்துக்கோ சிகிச்சைக்கோ மாற்றல்ல. 'நல்லதையே நினை' என்று உபதேசிப்பதும் அல்ல. மலேசியாவில் பெரியவர்களிடையே மனச்சோர்வு 2019இல் 2.3 விழுக்காடு, 2023இல் 4.6 விழுக்காடு. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால் அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் பேசலாம், மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் போகலாம். வீட்டார் உடன் செல்வது பெரிய உதவி.