மாளிகாவத்தைக்கு எத்தனை குதிரைவலு வேண்டும்?

2020 வாகன இறக்குமதித் தடைக்கு முந்தைய சில ஆண்டுகளில் கொழும்புத் தெருக்களில் ஒரு புதுவகைக் கார் கண்ணில் படத் தொடங்கியது. தாழ்ந்த முகம், சரிந்து இறங்கும் பின்கூரை, அகன்ற சக்கரங்கள் என்று பந்தயத்துக்குப் புறப்பட்டது போன்ற தோற்றம். பொனட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதோ மூன்றே சிலிண்டர் கொண்ட 988 சிசி எஞ்சின். பத்தாம் தலைமுறை ஹொண்டா சிவிக்கின் இந்த 1 லீற்றர் டர்போ வகையும், 999 சிசி அவுடி ஏ3யும் இலங்கையில் புழங்கியதற்கு நமது வரி அட்டவணையும் ஒரு காரணம். பெற்றோல் காரின் கலால் வரி இங்கே எஞ்சினின் கனவளவைப் பார்த்தே விதிக்கப்படுகிறது. 1000 சிசி அதில் முக்கியமான எல்லை.

எஞ்சினின் வலு, அது எவ்வளவு காற்றை உள்ளிழுத்து எரிக்கிறது என்பதில்தான் இருக்கிறது. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் உள்ளே போகும் காற்றை அமுக்கி நெருக்குவது டர்போவின் வேலை. இடம் அதேதான்; அதற்குள் அடங்கும் ஒட்சிசன் அதிகம். பழைய 1.8 லீற்றர் சிவிக், நிமிடத்துக்கு 4300 சுற்றில் கொடுத்த உச்ச முறுக்கம் 174 நியூட்டன் மீற்றர். 988 சிசி டர்போ, சிவிடி கியருடன், 1700 சுற்றிலேயே 180 கொடுக்கிறது. வரி கனவளவை அளந்தது. எஞ்சினோ காற்றின் அடர்த்தியைக் கூட்டி அதே வேலையைச் செய்துவிட்டது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதல் திறந்துவிடப்பட்டது. அதுவரை பொறுத்திருந்தவர்கள் லீசிங் கணக்கும் கையுமாக அலைகிறார்கள். புது ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்றை எடுக்கலாமா என்று கொழும்பு மாளிகாவத்தையில் ஒருவர் கேட்டால், பேச்சு உடனே குதிரைவலுவுக்குப் போய்விடுகிறது. அந்த எண்ணில் எவ்வளவு பகுதி அன்றாடம் வேலைக்கு வரும் என்பதைக் கடதாசியில் போட்டுப் பார்க்கலாம்.

ஓட்டுநரோடு சேர்த்து 1400 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். சங்கராஜ மாவத்தையில் சீராக 30 கிலோமீற்றரில் போக, டயரின் உருளல் தடையையும் காற்றின் தடையையும் வெல்ல அதற்குத் தேவைப்படுவது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவாட், அதாவது 2 குதிரைவலு. பேலியகொடையில் ஏறி கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிக்கும் உச்சமான 100இல் போனாலும் 16 குதிரைவலு போதும். அந்த 988 சிசி எஞ்சினிடம் இருப்பதோ ஏறக்குறைய 129.

மிச்சம் எல்லாம் வேகம் எடுக்கும் சில விநாடிகளுக்கானவை. நின்ற இடத்திலிருந்து 50 கிலோமீற்றர் வேகத்துக்கு வர இந்தக் காருக்கு 135 கிலோ ஜூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலில் 32 மெகா ஜூல் அளவில் சக்தி உண்டு. அதில் காற்பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது என்று கொண்டால், ஒரு தடவை 50ஐத் தொட 17 மில்லிலீற்றர் செலவு. அடுத்த சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்ததும் அத்தனையும் வெப்பமாகிப் போய்விடும். இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், அதே இரண்டு விளக்குகளுக்கிடையே 25இல் போனவருக்குச் செலவு நான்கில் ஒரு பங்குதான். 2022 எரிபொருள் பங்கீட்டில் கியூஆர் கோட்டைக் காட்டி வாரம் 20 லீற்றருக்குள் காரை ஓட்டியவர்களுக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும். பிரேமதாச விளையாட்டரங்கில் மேட்ச் இருக்கிற மாலையில் கெத்தாராமவைச் சுற்றி எத்தனை தடவை நின்று கிளம்ப வேண்டியிருக்கும் என்பதை அப்பகுதியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கே பெற்றோலைத் தின்பது எடையும் நிறுத்தங்களும். காற்றைக் கிழிக்கும் வடிவம் அந்த வேகத்தில் எதையும் மிச்சப்படுத்தாது.

ஆனாலும் டர்போவை வீண் ஆடம்பரம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். மாதா மாதம் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ ஓடுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ9 வீதியில் முன்னால் நெல் மூட்டை லொறி 40இல் போகிறது. அதை முந்த 70க்கு வர வேண்டும். சக்கரத்தில் 40 கிலோவாட் கிடைக்கும் காருக்கு அதற்கு நாலரை விநாடி. 60 கிலோவாட் கிடைக்கும் காருக்கு மூன்று. அந்த ஒன்றரை விநாடி வித்தியாசத்தில், எதிரே 70இல் வரும் பஸ்ஸுக்கும் நமக்கும் நடுவே 50 மீற்றருக்கும் மேல் தூரம் கரைந்துவிடும். 1700 சுற்றிலேயே கிடைக்கும் முறுக்கம் அங்கே உயிருக்குப் பாதுகாப்பு.

வெப்பத்தையும் பார்க்க வேண்டும். அமுக்கப்பட்ட காற்று சூடாகும். அதைக் குளிர்விக்க முன்பம்பருக்குப் பின்னால் ரேடியேட்டர் போன்ற ஒரு தகடு, இன்டர்கூலர், இருக்கிறது. ஓடும்போது அடிக்கும் காற்றுதான் அதற்கு உயிர். நெரிசலில் அசையாமல் நிற்கும்போது அது சூடேறுகிறது. சூடான காற்றில் பெற்றோல் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் தட்டாதிருக்க, கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும்; வலு இறங்கும். கையேட்டில் 95 ஒக்டேன் என்று எழுதியிருந்தால் 92 அடிப்பவருக்கு இதே இழப்பு நெரிசல் இல்லாதபோதும் வரலாம். மாதச் செலவைக் கணக்கிடும்போது 95இன் விலையை வைத்தே கணக்கிடுங்கள். ஒயில் மாற்றுவதையும் தள்ளிப் போடாதீர்கள். டர்போவின் அச்சு நிமிடத்துக்கு இலட்சக்கணக்கான சுற்றில் சுழல்வது ஒயில் படலத்தின் மேல்தான்.

இனி, விளம்பரத்தில் யாரும் வாசிக்காத எண்ணுக்கு வருவோம். காரின் பக்கத்தில் குனிந்து டயரைப் பாருங்கள். 235/40 ஆர் 18 என்றிருந்தால், டயரின் அகலம் 235 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 40 வீதம், அதாவது 94 மில்லிமீற்றர். சாதாரணக் குடும்பக் காரில் வரும் 195/65 ஆர் 15இன் சுவர் 127. குழியின் விளிம்பில் மோதும்போது வளைந்து அடியை வாங்கிக்கொள்ள இருப்பது இந்தச் சுவர்தான். அது போதாவிட்டால் உள்ளே நூல் அறுந்து டயரின் பக்கம் வீங்கும், அல்லது ரிம் வளையும். மெல்லிய சுவர் வளைவுகளில் காரைத் துல்லியமாகத் திருப்ப உதவும் என்பது உண்மை. நமது குறுக்குத் தெருக்களில் அந்தத் துல்லியத்துக்கு வேலை குறைவு, குழிகளோ அதிகம். ஒரே மொடலில் சிறிய சக்கரம் போட்ட வகை கிடைக்குமானால், நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

மாளிகாவத்தைக்காரருக்குப் பலருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: நடந்து போகிற தூரத்தில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. லீசிங் கடதாசியில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்கே ஒரு நடை போய் வாருங்கள். கவுண்டரில் கேட்கும் முதல் கேள்வி, "செஸி நம்பர் கொண்டு வந்தீங்களா நானா?" என்பதாகத்தான் இருக்கும். ஒரே பெயரில் வந்த காரிலும் வருடத்துக்கு வருடம், நாட்டுக்கு நாடு பாகம் மாறும். முன்பம்பர், எல்ஈடி ஹெட்லைட், ஷொக் அப்சோர்பர், இன்டர்கூலர் இந்த நாலையும் விலை கேளுங்கள். நாட்டில் ஏராளமாக ஓடும் டொயோட்டாவுக்கு ரீகொண்டிஷன் பாகம் அலமாரியிலேயே இருக்கும். அபூர்வமான செடானுக்கு ஓடர் போட்டுக் காத்திருக்கச் சொல்லுவார்கள். தாழ்ந்த காரில் முதலில் அடிபடுவது முன்பம்பர் என்பதால், அந்த ஒரு விலையை மட்டுமாவது அறியாமல் முடிவெடுக்க வேண்டாம்.

கடைசியாகத் தரை இடைவெளி. இவ்வகைக் கார்கள் பலவற்றில் இது 130 மில்லிமீற்றர் அளவில்தான், அதுவும் வெறும் காரில். ஐந்து பேர் ஏறினால் ஏறக்குறைய 350 கிலோ. பின்பக்கம் 30, 40 மில்லிமீற்றர் வரை இறங்கலாம். நான்கு சக்கரங்களுக்கும் நடுவே வரும் ஹம்பின் உயரம் மிஞ்சிய இடைவெளியைத் தாண்டினால், அடிப்பகுதி உரசும். மழைக்காலத்தில் விஷயம் இன்னும் பெரிது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியதை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். தாழ்ந்த முகமுள்ள காரில் எஞ்சினுக்குக் காற்று போகும் வாயும் தாழ்ந்திருக்கக்கூடும். அதன் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், காற்றைப் போல அது அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டுதான் வளையும். அதோடு எஞ்சின் முடிந்தது.

ஆகவே டெஸ்ட் டிரைவ் போகும்போது தனியாகப் போகாதீர்கள். ஷோரூமுக்கு முன்னால் இருக்கிற நல்ல வீதியில் ஒரு சுற்று அடித்துவிட்டு இறங்கவும் வேண்டாம். வீட்டாரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, உங்கள் ஒழுங்கை ஹம்ப் மேல் மெதுவாக ஒரு தடவை ஏறி இறங்கி, காரை நிறுத்தப் போகிற இடத்துக்குள் ஒருமுறை நுழைத்துப் பாருங்கள். உம்மாவும் வாப்பாவும் அந்தத் தாழ்ந்த சீட்டிலிருந்து கைகொடுக்காமல் எழும்புகிறார்களா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.