மாரிக்கு முந்தின எண்ணெய்ப் பூச்சு

ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பிவிட்டால் தைப்பொங்கல் வரை வன்னியில் எதுவும் முழுசாக உலராது. முல்லைத்தீவுக் கரையிலும் ஆனையிறவுப் பக்கமும் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்ந்து வரும். கனடாவில் இருக்கும் எங்கள் ஆட்கள் உறைபனிக் காலத்துக்கென்று வாகனத்தை மூடி வைக்கிறார்கள். அங்கே தெருவில் கொட்டுகிற உப்புத்தான் இரும்பைத் தின்னும். இங்கே அந்த வேலையை மாரி செய்கிறது. பளபளக்கிற பம்பரையும் றிம்மையும் சைலன்சரையும் கறள் பிடிக்காமல் தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் ஊரின் பழைய கவலை.

1990இல் போர் மறுபடி மூண்டு பொருளாதாரத் தடை வந்தபிறகு பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் வன்னிக்குள் வருவது அரிதாகிவிட்டது. தெருவில் ஓடியவை ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிஜ், மொறிஸ் மைனர். பெரும்பாலும் ஐம்பதுகளின் கார்கள், ஓடியதோ மண்ணெண்ணெயில். சின்னப் போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கலியாணத்துக்கும் அதே கார், ஆஸ்பத்திரிக்கும் அதே கார். அதன் பம்பர் உக்கினால் இன்னொன்று கிடையாது.

மாரிக்கு முன் ஒரு ஹயர் கார்க்காரர் செய்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கிணற்றுத் தண்ணீரால் கழுவிக் காரை வெயிலில் விடுவார். பழைய வேட்டித்துண்டைத் திரி மாதிரி முறுக்கி, பம்பரைத் தாங்குகிற போல்ட் இடுக்குகளுக்குள் விட்டு ஈரத்தை எடுப்பார். துண்டில் செம்பழுப்பு ஒட்டியிருந்தால் அதே இடத்துக்குத் திரும்பப் போவார். எண்ணெய் கடைசியில்தான். வெளிப்பக்கத்துக்கு மெல்லிய பூச்சு. ஆரும் பார்க்காத உட்பக்கத்துக்குக் கிறீஸ், அதுவும் தாராளமாக. உள்ளிருந்துதான் கறள் தொடங்கும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் கண்டது சரி. பம்பரில் மினுங்குகிற குரோமியம், நிக்கல் பூச்சுக்கு மேல் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத படலம். உட்பக்கத்தில் அது இன்னும் மெலிவு. குரோமியம் கறள் பிடிக்காது, ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் வெடிப்புகளும் உண்டு. உப்புநீர் அவற்றால் இறங்கி இரும்பைத் தொட்டால் மேலே குண்டூசித் தலையளவு புள்ளிதான் தெரியும். அடியில் அதைவிடப் பரவியிருக்கும்.

அந்தக் காலத்து வழக்கம் எல்லாம் சரியென்று நான் சொல்லமாட்டேன். சாம்பலும் தென்னந்தும்பும் போட்டு உரஞ்சி நல்ல பூச்சையே தேய்த்தவர்கள் உண்டு. மண்ணெண்ணெயால் துடைத்தால் அன்றைக்கு மினுங்கும், பிறகு பறந்துவிடும். கழிவு ஒயில் பூசினாலோ, எஞ்சினில் எரிபொருள் எரிந்து உண்டான அமிலமும் அதில் சேர்ந்திருக்கும்.

2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது வன்னிச் சனத்தில் பெரும்பகுதி போரால் ஏற்கெனவே இடம்பெயர்ந்து தறப்பாளுக்குள் இருந்தது. அடுத்த மே மாதம் போர் முடிந்தபிறகு முள்ளிவாய்க்காலில் பஸ், உழவு இயந்திரம், சைக்கிள் என்று கைவிட்டவை எல்லாம் கடற்காற்றில் குவியலாகக் கிடந்தன. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து கடைசிச் சனம் வெளியேறியது 2012 செப்டெம்பரில். திரும்பி வந்து, வளவில் புதைத்துவிட்டுப் போனதைத் தோண்டியவர்கள் பலர். நான் பார்த்த ஒரு தையல் மெசினில் கிறீஸ் தடிப்பாகப் பூசிய பக்கம் இரும்பாகவே இருந்தது. வெறும் பொலித்தீன் சுற்றிய பக்கம் செதில் செதிலாக உதிர்ந்தது.

இன்றைக்குக் கிளிநொச்சிக் கடைகளில் மெழுகுப் பொலிஷும் டபிள்யூ.டி.40உம் தாராளமாகக் கிடைக்கின்றன. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்கும் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள்களின் விலை ஏறியது, அவற்றைப் புதுசாக்கிப் பார்க்கிற பொடியளும் கூடிவிட்டார்கள். இவ்வளவு ஆசையாக மினுக்கிய எம்.டி.90ஐ, மழை தொடங்கியதும் ஈரத்தோடு கவருக்குள் போட்டு மண் தரையில் விடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. பகல் சூட்டில் எழும்புகிற ஈரம் இரவில் உலோகத்திலேயே படியும். காலையில் கவரைத் தூக்கிப் பாருங்கள்: உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், சைலன்சர் வளைவில் பழுப்புப் புள்ளி.

கிழமைக்கொருக்கால் இரண்டு நிமிடம் ஸ்ராட் பண்ணி வைப்பதும் உதவாது. எரிபொருள் எரிகிறபோது உண்டாகும் நீராவி, சூடு போதாமல் சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகத் தங்கி அதை உள்ளிருந்து உக்கவைக்கும். ஓட்டினால் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டவேண்டும். முடியாவிட்டால் தொடாமல் விடலாம்.

கடைப்பொருட்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டபிள்யூ.டி.40 ஈரத்தை விரட்டும், ஆனால் அதன் படலம் மாரி முழுக்க நிற்காது. நன்றாகத் துடைத்துவிட்டு மேலே மெழுகு போடவேண்டும். புள்ளி விழுந்துவிட்டதென்றால், சாப்பாடு சுற்றுகிற அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்கலாம். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மை, கீறாது. மூடத் துணிப் போர்வை நல்லது, சில்லுக்கு அடியில் பலகையும், காற்றுப் போய்வரும் கொட்டிலும் வேண்டும்.

மாரியிலும் வட்டுவாகல் பாலத்தால் தினம் போய்வருகிறவர்களுக்கு வாகனத்தை மூடி வைக்கிற வசதி இல்லை. நந்திக்கடல் பாலத்துக்கு மேலால் ஏறுகிற நாட்களில் சைலன்சர் உப்பில் நனைந்துதான் வீடு வரும். சூடு ஆறியதும் இரண்டு வாளி கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, இடுக்கெல்லாம் துடைத்து, எண்ணெயை அதற்குப் பிறகு தொட்டால் போதும்.